முப்பது செக்கனை யார் எண்ணுவது?

லக்ரோஸ் ஆடுகிறோம் என்றால், கண்டியில் பாதிப்பேர் அது சாப்பிடுகிற சாமானா என்று கேட்கிறார்கள். வலை கட்டிய குச்சியில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, கோலுக்குள் எறிகிற ஆட்டம்.

மொத்தமே இரண்டு பெண்கள் அணிதான் இருக்கிறோம். அதற்குள் விதியை மாற்ற வேண்டுமாம்.

இன்று அதற்காகக் கூட்டம். எதிரணியின் பயிற்சியாளர் செல்வம் அண்ணன் எழும்பினார். டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர்.

"பந்து கைக்கு வந்தா முப்பது செக்கனுக்குள்ள கோலுக்கு எறிஞ்சிரணும். இல்லாட்டி பந்து மத்த டீமுக்கு. மேட்ச் விறுவிறுன்னு போகும்."

எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். பால் டீயா பிளேன்டீயா என்பதற்கே அரைமணி நேரம் சண்டை பிடிக்கிற கூட்டம் இது. எனக்கு எங்கோ இடித்தது.

"சரி அண்ணே, நேரம் யாரு பாக்குறது?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, நான் வெளிய சும்மாதானே நிக்கிறேன். நானே பாத்துக்கிறேன்."

காலையில் என் குச்சிக்கு வலை மாற்ற அவர் கடைக்குத்தான் போயிருந்தேன். "ரெண்டு நிமிஷம் இருங்க, இந்தா முடிஞ்சிரும்" என்றார். பிளேன்டீ குடித்தேன். பக்கத்துக் கடையில் சோறு சாப்பிட்டேன். கடைசியில் அவரோடு ஒரே ஓட்டோவில்தான் கூட்டத்துக்கே வந்தேன். வலை இன்னும் மாற்றவில்லை.

விதி நிறைவேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் அணியோடு மேட்ச். பந்து அவர்கள் கையில் இருக்கும்போது அந்த முப்பது செக்கன் எத்தனை மணிக்கு முடியும்?

தெரிந்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வர வேண்டும்.