ராசிக் சேர் நிரப்பிய படிவங்கள்

மன்னாருக்குத் திரும்புவோர் பட்டியலில் எங்கள் உம்மாவின் பெயரை இல்லாமலாக்கியவர் ராசிக் சேர். போன மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய மௌத்துச் செய்தி வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து வாழும் புத்தளம் கரைத்தீவுக் குடியிருப்பே அழுதது. உம்மாவும் அழுதார். நான் அழவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு 'செட்டில்' என்ற சொல் மறந்திருக்காது. களப்பில் வலை போடும் இடத்துக்காக சண்டைபிடித்த இருவரை ஒரே வாங்கில் நெருக்கி உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, "செட்டில். இனிக் கதையில்ல" என்றார். என் தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கலியாணப் பேச்சையும் அதே சொல்லால்தான் முடித்துவைத்தார்.

எங்களுக்கு எடுத்த ஆங்கில டியூஷன் வகுப்பில் ஒரு மாலை முழுவதும் அந்தச் சொல்லையே படிப்பித்தார். கலங்கிய தண்ணீரில் சேறு அடியில் படிவது, வழக்கு முடிவது, அழுத பிள்ளை அடங்குவது. கடைசியாக, ஓரிடத்தில் நிரந்தரமாகக் குடியேறுவது. அதன் கீழ் இரண்டு கோடு இழுத்தார். "இது எங்களுக்கில்ல புள்ளையள். நாங்க திரும்பிப் போற ஆக்கள்."

யுத்தம் முடிந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஊர் திரும்புவதற்கான படிவங்கள் ஆங்கிலத்தில் வந்தன. "கையெழுத்த மட்டும் வைங்க, மிச்சத்த நான் பாக்கிறன்" என்று வெற்றுப் படிவங்களை வாங்கிப் போய் வீட்டில் நிரப்பினார். ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. பட்டியலில் உம்மா இல்லை என்றதும் அரச கந்தோருக்குப் போனேன். கோப்பைத் திருப்பிக் காட்டினார்கள். சேரின் உருண்டை எழுத்தில், ஆங்கிலத்தில்: புத்தளத்தில் செட்டில்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"உம்மாக்கு மூட்டு வருத்தம் மகள். அங்க காணியெல்லாம் காடு. எல்லாரும் போனா முடியாது, இங்க எங்களுக்கும் வோட்டு வேணும்."

"உம்மாட்டக் கேட்டீங்களா சேர்?"

"கேட்டா போறன் எண்டுதான் சொல்லுவா. அதான் கேக்கல்ல."

ஜனாஸா அடக்கத்தன்று அவரைச் சமூகத்தின் தூண் என்றார்கள். இருக்கலாம். அவர் தந்த ஆங்கிலம் என்னிடம் இருக்கிறது. அதில்தான் உம்மாவின் முறையீட்டை எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன்.

மற்றவர்களின் படிவப் பிரதிகள் பள்ளிவாசலில் அவர் வைத்திருந்த அலுமாரியில் இருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன், பதிலில்லை. இந்த எழுத்திலும் கேட்கிறேன்: அந்த அலுமாரியைத் திறந்து, யார் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.