என் இசையில் வராத சுரம்

யுத்த காலத்தில், சாந்தோம் உப்புக்காற்றில் என் பியானோவின் நடுக்கட்டை ஒன்று அமுங்கினால் எழும்பாது. அந்தச் சுரத்தைத் தவிர்த்தே, பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் என் முதல் படைப்பை எழுதி முடித்தேன். மயிலாப்பூரில் நடந்த ஒத்திகையில் வயலின்காரர் ஒருவர், "ஒரு சுரம் மட்டும் எங்கேயுமே வரலையே, ஏன் சார்?" என்று கேட்டார்.

"யுத்தத்தில் மடிந்தவர்களின் மௌனம் அது," என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.

அங்கே பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்திருந்த பாய்தான் என் வீட்டுக்கும் வருபவர். "இன்னா சார், அந்தக் கட்டை இன்னும் மாட்டிக்கினுதான் கீதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்து சரி பண்ணியிருப்பேனே!" என்றார்.

கச்சேரியன்று எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார்கள். வாத்தியக்காரர்கள் வெகு உற்சாகமாக இருந்ததாக மறுநாள் பத்திரிகையில் வந்தது. என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.