தோளில் இருந்த கை

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். மூக்கிலிருந்து பஞ்சை எடுத்து, எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது எங்கும் ஒளிபரப்பாகாது. செத்தது பொய் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

நான் சிரிக்காமல் ஓடிவந்தவள். நான்கு வருடம் மருமகளாக அழுது தீர்த்த சீரியலிலிருந்து, பட வாய்ப்பு வந்ததும் விலகினேன். உடனே மருமகளை லாரி ஏற்றிக் கொன்றார்கள். பாடைக் காட்சி முடிந்ததும் உதவி இயக்குநர், "ஒரு நிமிஷம் மேடம், சிரிச்சிட்டுப் போயிடுங்க" என்று பின்னாலேயே வந்தார். சாயங்கால ரயிலை விட்டால் திண்டிவனம்வரை பஸ்ஸில் இடிபட வேண்டும். "சிரிச்சதா வச்சுக்குங்க" என்று ஆட்டோ ஏறிவிட்டேன். சாங்கியத்தில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

வீட்டு வாசலில் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். முந்தானையால் மூக்கை அழுத்தித் துடைத்தாள். பவுடர் மிச்சம் என்று நினைத்தேன்.

"செத்தவங்கள சிரிக்க வப்பாங்கன்னு சொல்லுவியே, சிரிச்சியா?"

"சிரிச்சேம்மா."

மறுநாள் போன் வந்தது. சுவரில் மாட்டி மாலை போட, மருமகள் சிரித்த முகமாக ஒரு படம் வேண்டுமாம். நான்கு வருடத்தில் நான் சிரித்த ஸ்டில் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை! மயிலம் மலைக்கோயிலில் அம்மாவோடு எடுத்த படம் என் போனில் இருந்தது. அம்மாவை வெட்டிவிட்டு அனுப்பினேன். என் தோள்மேல் இருந்த அவளுடைய வலது கையை மட்டும் வெட்ட முடியவில்லை.

அடுத்த வாரம் டிவியில் அந்தப் படம் மாலையோடு வந்தது. "அது என் கைடி" என்றாள் அம்மா.

அந்தச் சாவுக்குத்தான் எனக்கு விருது கிடைத்தது. விருதோடு ஊருக்கு வந்தபோது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கும் கிழவி, "ஐயோ, நீ செத்துட்டியே!" என்று என் கையைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் அம்மா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை மரத்துப்போய்ச் சில மாதங்களாகிறதாம். விழுப்புரத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டதற்கு, "இவ படத்த டிவில மாட்டுனாங்களே, அந்த வாரம் சார்" என்றாள் அம்மா. டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்க செட்டுக்குப் போனேன். அன்றும் புதுப் பூமாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். "கண்டினியூட்டி மேடம். கதை முடியறவரைக்கும் படம் அங்கதான் இருக்கணும்" என்றார் இயக்குநர். அப்படியென்றால் அந்தச் சிரிப்பு ஷாட்டையாவது எடுங்கள் என்று படத்துக்கு முன்னால் நின்றேன். பாவம், கேமராவை ஓடவிட்டார்கள். விருது வாங்கிய நடிகைக்கு உதடு அசையவில்லை. மாலைக்குள்ளிருந்து நான்தான் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நேராக வீட்டுக்கு வந்து, "அன்னைக்கு நான் சிரிக்கலம்மா" என்றேன்.

"தெரியும்டி. மூக்குல பஞ்சோட வந்து நின்னியே. நாந்தான தொடச்சி எடுத்தேன்?"

"படத்தக் கழட்ட மாட்டேங்கிறாங்கம்மா. உன் கையி..."

"உட்றி. நீ மாலயோட அங்க தனியா தொங்கிக்கினு இருக்க. அதான் கைய எடுக்காம அங்கயே வச்சிக்கினு இருக்கேன்."

அவளுடைய வலது கை மடியில் கிடந்தது. அதை எடுத்து என் தோளில் வைத்தேன். அது அங்கே நிற்காமல் வழுக்கி, மறுபடி மடியிலேயே விழுந்தது.