நாலு விரல் கூட விட்டு

நல்லசிவம் மாதிரி ஒரு டிரம்மர் மெட்ராஸில் இருந்ததில்லை என்று நான் சொன்னால், கூட வாசித்த பாசத்தில் சொல்கிறேன் என்பீர்கள். அவனைவிட நன்றாக வாசித்தவர்கள் மவுண்ட் ரோடு ஹோட்டல்களில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் பகல் முழுக்க ஜவுளிக்கடையில் துணி கிழித்துவிட்டு, அந்தக் கையோடு வந்து டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவன். தி. நகரில் அவன் மாமாவுக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு அங்கே வந்து சேர்ந்தான், பிறகு மாமா மகள் முத்துலட்சுமியையே கட்டிக்கொண்டான். மாமாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து கல்லாவில் முத்துலட்சுமி உட்கார ஆரம்பித்தாள். கடை யார் கையில் இருந்தது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நானும் வேம்புவும் என் தங்கை கல்யாணத்துக்கு வேட்டி எடுக்க அந்தக் கடைக்குப் போனோம். நான் ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா. வேம்பு பாடுகிறவன். இரண்டு பேரும் மயிலாப்பூரில் ஒரே தெரு. வேட்டியை விரித்துக் காட்டிய ஆள் ஒவ்வொரு மடிப்பையும் பலகையில் தட்டிய தட்டில் ஒரு தாளம் இருந்தது. வேம்பு வேட்டியைப் பார்க்கவே இல்லை. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விசாரித்ததில், பரங்கிமலையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் ஒரு பழைய டிரம் செட் வாங்கிக் கோடௌனில் வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. எங்கள் பாட்டுக் கோஷ்டிக்கு டிரம்மர் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. வேட்டியோடு அவனையும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

அந்தப் பெரிய டிரம்மின் முகத்தில் 'தி ஃபைவ் காமெட்ஸ்' என்று சிவப்பு எழுத்தில் அழகாக எழுதியிருந்தது. அழிக்க மனசு வரவில்லை. அதுவே எங்கள் பெயராகிவிட்டது. நாங்களோ நாலு பேர்: பாட வேம்பு, கிதாருக்கு ராயப்பேட்டை நூர் முஹம்மது, டிரம்ஸுக்கு நல்லசிவம், பேஸ் கிதாருக்கு அடியேன். ஐந்தாவது ஆள் எங்கே என்று எந்தக் காலேஜுக்குப் போனாலும் எவனாவது கத்துவான். டீ குடிக்கப் போயிருக்கான் என்று வேம்பு சொல்வான். அதற்கு ஒரு சிரிப்பு விழும். அப்புறம் வாசிக்க ஆரம்பிப்போம்.

வாசித்ததெல்லாம் ரேடியோவில் கேட்டுக் காப்பியடித்த இங்கிலீஷ் பாட்டுகள். நல்லசிவத்துக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் எந்தப் பாட்டானாலும் கதை தெரியாமல் வாசிக்க மாட்டான். "இவன் யாரைத் தேடுதான்?" என்று கேட்பான். காதலியை என்று வேம்பு சொன்னால், அவள் எங்கே போனாள், வீட்டில் யாரும் கேட்கவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்டுக் கேட்டு வேம்புவின் பொறுமை தீர்ந்துபோன நேரத்தில் அவன் மெதுவாகச் சொன்னான்: "நமக்குத் தெரிஞ்ச விசயத்தைப் பாடுனா என்னண்ணே? தீவாளிக் கூட்டத்தைப் பாடுவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பாட்டையே கட்டி வைத்திருந்தான்.

*பச்சையில காட்டவா, மஞ்சளுல காட்டவா,*
*மச்சினிக்கு எடுக்கவா, மாமிக்கு எடுக்கவா...*

இப்படியே போகும். துணிகளின் பெயரும் நிறங்களும் வாடிக்கையாளர்களின் பிகுவும் வேகமாக வந்து விழும். கடைசியில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். நல்லசிவம் எழுந்து நின்று, "கிழிச்சிரட்டுமா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு நிஜமாகவே ஒரு துணியை மைக் முன்னால் சர்ரென்று கிழிப்பான். அந்தச் சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நூரின் கிதார் கிளம்பும்.

வேம்புவுக்குக் கோபம்தான் வந்தது. "என்னடா இது, ஜவுளிக்கடைப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிதாரை வாசிச்சுண்டு நிக்கணுமா?" என்றான். நூர் கிதாரை மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் கிழிக்கச் சொன்னான். கிழித்ததும் அவன் வாசித்த வாசிப்பில் வேம்பு வாயை மூடினான். எனக்கு அத்தனை நாளும் யார் வீட்டுச் சாமானையோ இரவல் வாங்கி உபயோகித்துக்கொண்டிருந்தது போலவும், இன்றைக்குத்தான் நம் வீட்டுச் சாமான் கிடைத்தது போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கோடௌனில் ஒத்திகை. மல் துணி கிழிந்தால் சத்தமே வராது, டெரிலின் கிழியவே கிழியாது, பாப்ளின்தான் இடி மாதிரி கேட்கும் என்றெல்லாம் நல்லசிவம் ஆராய்ச்சி செய்தான். முத்துலட்சுமி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ரவிக்கைத் துண்டுகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் பாட்டைப் பற்றி அவள் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. வீணாகும் பாப்ளினைப் பற்றி மட்டும் சொல்வாள்.

எழுபத்து மூன்றில் ஒரு கம்பெனி எங்களை வைத்து ரெக்கார்டு போட முன்வந்தது. சின்ன ரெக்கார்டுதான், இரண்டு பக்கம். மானேஜர் ராஜரத்தினம் சாது. ஆனால் ஜாக்கிரதைப் பேர்வழி. ஒரு பக்கம் எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ் பாட்டு. மறுபக்கம் துணிப்பாட்டு, அதுவும் சரியாக வந்தால். வராவிட்டால் இரண்டு பக்கமும் இங்கிலீஷ்தான். அவருக்கு நல்லசிவத்தின் மேல் நம்பிக்கை இல்லை. சந்தோஷம் வந்தால் இவன் கை வேகம் எடுத்துவிடும், அது ஊரறிந்த குறை. அதனால் இங்கிலீஷ் பாட்டுக்கு சினிமாவில் வாசிக்கும் ஒரு டிரம்மரைப் பேசிவிட்டார். ஆக, துணிப்பாட்டு தேறினால்தான் நல்லசிவம் ரெக்கார்டில் இருப்பான். இதை அவனிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொன்னபோது தலையாட்டினான். அன்றைக்குக் கடையில் மூன்று பேருக்கு அளவு மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினான் என்று பிறகு தெரிந்தது.

ஸ்டூடியோ அடையாற்றில், மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பங்களா. காலையிலேயே போய்விட்டோம். சினிமா டிரம்மர் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். தன் குச்சிகளை ஒரு பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நல்லசிவம் அந்தக் குச்சிகளைப் பார்த்தபடியே உள்ளே வந்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்று ராஜரத்தினம் எச்சரித்தார். விளக்கு எரிந்தது. பாட்டு கிளம்பியது. நல்லசிவம் அன்றைக்கு வாசித்த மாதிரி எப்போதும் வாசித்ததில்லை, வேகம் கூட எடுக்கவில்லை. வாத்தியம் நின்றது. எழுந்தான். தயாராக இருந்த பாப்ளினை இரண்டு கையாலும் பிடித்தான். "கிழிச்சிரட்டுமா?" என்றான்.

கிழிக்கவில்லை.

துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். நூர் கிதாரின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். விளக்கு அணைந்தது. மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி அதே இடத்தில் நின்றான். அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். நேரம் தவறி, கோணல்மாணலாக, முனகலாக ஒரு சத்தம் வந்தது.

என்னடா ஆச்சு என்று வேம்பு கேட்டான்.

"கை வரலைண்ணே. ஆள் கிழினு சொல்லாம எப்படிக் கிழிக்க?" என்றான் நல்லசிவம்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. ஜவுளிக்கடையில் கிழித்த துணியைத் திரும்ப அடுக்கில் வைக்க முடியாது. அதனால் எதிரே நிற்பவர் வாய் திறந்து சொல்லும் வரை ஒருவனும் கிழிக்க மாட்டான். தலையாட்டினால் கூடப் போதாது. கடைக்கு வந்த முதல் நாளிலிருந்து இதைப் பழகிய கை அது. அப்படியானால் கோடௌனில் மட்டும் எப்படிக் கிழித்தான் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நூர் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அண்ணி இங்க இல்லியே நைனா. கோடௌன்ல அவங்கதானே கிழிங்கன்னு சொல்லிக்கினு இருப்பாங்க."

உண்மைதான். விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல், ஒவ்வொரு ஒத்திகையிலும் முத்துலட்சுமி 'கிழிங்க' என்று சொல்லியிருக்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய கடைக்காரி, சொல்லிவிட்டாள். அதைப் பாட்டில் சேர்த்தி என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

நானே சொல்கிறேன் என்று வேம்பு முன்வந்தான். விளக்கு எரிந்தது. அந்த இடம் வந்ததும், சங்கீத சபையில் பேசுகிற குரலில், "கிழிக்கலாமே" என்றான். நல்லசிவம் குபீரென்று சிரித்துவிட்டான். ராஜரத்தினம் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வரை பார்க்கலாம், அதற்குமேல் முடியாது என்றார். வராந்தாவிலிருந்த டிரம்மர் எழுந்து வந்து கதவருகே நின்றார். நல்லசிவம் கோணலாகக் கிழிந்த துணியைத் தரையில் விரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிக்க ஆரம்பித்தான். விற்காத துணியை மடிக்கும் மடிப்பு அது.

நூர் டாக்ஸி பிடித்துக்கொண்டு தி. நகருக்குப் பறந்தான். திரும்பி வந்த டாக்ஸியிலிருந்து முத்துலட்சுமி ஒரு தூக்குவாளியோடு இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது. நூர் அவசரத்தில் "உடனே வாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"அவுகளுக்கு உடம்புக்கு என்ன?" என்றாள்.

ஒன்றும் இல்லை, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது, கூடவே கோபமும் வந்தது. கல்யாணக் கூட்டம் கடையில் நிற்கிறதாம். கல்லாவை யாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியுமா என்றாள். பிறகு தரையில் மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டாள்.

பெண் குரல் ஒப்பந்தத்தில் இல்லையே என்று ராஜரத்தினம் ஆரம்பித்தார். முத்துலட்சுமி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

விளக்கு எரிந்தது. பச்சையும் மஞ்சளும் போயின, மச்சினியும் மாமியும் போனார்கள். வாத்தியம் நின்றது. நல்லசிவம் எழுந்தான்.

"கிழிச்சிரட்டுமா?"

கோடௌனில் சொல்கிற அந்த ஒற்றை வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். ஆனால் இந்தத் தடவை அவள் கையில் விலைச்சீட்டு இல்லை. புருஷனுக்கு எதிரே, வாங்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். வாங்க வந்தவள் கேட்பதையே கேட்டாள்.

"நாலு விரல் கூட விட்டுக் கிழிங்க."

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. அவன் கை தானாக நாலு விரல் தள்ளிப் போனது. பிடித்தது. இழுத்தது. அந்தப் பங்களாவே இரண்டாகக் கிழிந்த மாதிரி ஒரு சத்தம். நூர் அதன் மேல் பாய்ந்தான். நல்லசிவம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டிரம்ஸில் விழுந்தான். அப்புறம் வேகத்தை யார் பிடிப்பது? சந்தோஷம் வந்துவிட்டதே. அவன் ஓட, நாங்கள் பின்னால் ஓட, என் விரல்கள் கெஞ்ச, பாட்டு மூச்சிரைத்துக்கொண்டு போய் முடிந்தது.

விளக்கு அணைந்தது. முதலில் சிரித்தவர் அந்த சினிமா டிரம்மர்தான். தன் வீட்டிலும் இதேதான், கூட நாலு விரல் இல்லாமல் ஒரு துணி வாங்கியதில்லை என்றார். ராஜரத்தினம் வெளியே வந்தார். பாட்டு கடைசியில் வேகமெடுக்கிறது என்றார். மறுபடி எடுக்கலாமா என்று நல்லசிவம் பயந்துகொண்டே கேட்டான். வேண்டாம் என்றார். தூக்குவாளியில் இருந்த புளியோதரையை அவருக்கும் சேர்த்துப் பங்கு வைத்தோம்.

ரெக்கார்டு ஊரைப் புரட்டிப் போடவில்லை. கடைகளில் கொஞ்ச காலம் ஓடியது, பிறகு சினிமாப் பாட்டுகள் அதை மூடிவிட்டன. ஆனால் தி. நகரில் மட்டும் பெண்கள் அந்தக் கடைக்கு வந்து, வேண்டுமென்றே நாலு விரல் கூட விடச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நல்லசிவமும் விட்டுக் கொடுப்பான். கல்லாவிலிருந்து ஒரு முறைப்பு வரும். சில வருஷம் கழித்து கே.கே. நகரில் அவன் சொந்தக் கடை வைத்தபோது டிரம் செட்டைக் கடை முகப்பிலேயே வைத்தான்.

அதெல்லாம் கிடக்கட்டும். ரெக்கார்டு வந்த கையோடு கிண்டியில் ஒரு காலேஜில் வாசித்தோம். மேடையில் ஏறியதும் வழக்கம்போல ஒருவன் கத்தினான், ஐந்தாவது ஆள் எங்கே என்று. வேம்பு வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தான். மேடையில் பாட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியறியாத நல்லசிவம் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"கல்லாவுல இருக்கா," என்றான்.

கூட்டம் சிரித்தது. அவன் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் பாட்டிலேயே வேகமெடுத்துவிட்டான்.