செல்வமணி என்றொரு கிரகம்

இன்று மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு கிரகத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

நண்பர்களோடு மேசையில் விளையாடும் விண்வெளிப் போருக்காக, எடையே இல்லாத வெள்ளை ரெஜிபோம் நுரை உருண்டையில் நானே செய்தது. ஊதா நிறம், மேலே வெள்ளை மேகங்கள். கறுப்புத் துணியில் டூத் பிரஷ்ஷால் பெயின்ட் தெறித்து நட்சத்திரங்களும் தயார். ஆனால், கிரகம் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் அது துள்ளி, ஜன்னல் வழியாகத் தேயிலைக்குள் போய் விழுந்தது.

"அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். டிரைவர் நிறுத்தினார்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறி வந்தார்.

"என்னாங்க இது, பந்தா?"

"கிரகம்க்கா. விளையாட செஞ்சேன்."

"சனி இல்லையே?"

பஸ்ஸே சிரித்தது.

"இல்லக்கா. இன்னும் பேரு வைக்கல."

"அப்ப எம் பேர வைங்க. செல்வமணி."

கிரகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

சாயந்திரம் அதற்காக இரண்டு படைகள் மோதின. இரு பக்கத்துக் கப்பல்களும் அழிந்தனவே தவிர, செல்வமணியை எங்களில் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

நாளை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், ஜன்னலைத் திறந்து, செல்வமணி யாரிடமும் சிக்கவில்லை என்று அக்காவிடம் கத்திச் சொல்லிவிடுவீர்களா?