பதினொரு சாண்

மர வண்டி தண்டவாளத்தில் உருளும் சத்தம் கேட்டால் இப்போதும் என் கை தலைத்துண்டுக்குப் போகும். நான் ரயிலைச் சொல்லவில்லை. அது தரையோடு போகிற சாது. அதனோடு எனக்குப் பகை இல்லை. மேட்டிலிருந்து விழுந்து, பள்ளத்தைத் தொட்டு, அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறுகிற வண்டியின் சத்தத்தைச் சொல்கிறேன். அதைக் கண்டியில் ஒரு காலை நேரத்தில் கேட்டேன். அந்தப் பாதையின் மரக்கால்களுக்கு அளவு கொடுத்தவன் நான். வண்டியில் உட்கார்ந்திருந்தது என் மனைவியும் மகளும்.

அப்போது நான் கலகெதரைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் ஆசாரி. உச்சி மலையில் பறித்த பழம் கீழே ஸ்டோருக்கு வருவதற்காக, வெள்ளைக்காரத் துரை மரக்கால் நட்டு அதன் மேல் தண்டவாளம் போட்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்த அவருடைய கூட்டாளிகள் பழ வண்டியில் விளையாட்டாக ஏறி உட்கார்ந்து இறங்கிப் பார்த்தார்கள். ஒரே கும்மாளம். அதைக் கண்டதும் துரைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. விளையாட்டுக்கென்றே தனிப் பாதை ஒன்று போடச் சொன்னார். உயரத்தில் ஒரு மேடை, அங்கிருந்து ஒரு சரிவு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மேடுகள். மாடும் இல்லை, எஞ்சினும் இல்லை. சக்கரத்துக்கு முன்னாலிருக்கும் ஆப்பைத் தட்டிவிட்டால் வண்டி தானாக ஓடி, மூன்று மேட்டையும் தாண்டி, வைக்கோல் போரில் போய் முட்டி நிற்கும். நாங்கள் அதைச் சறுக்கு வண்டி என்று சொன்னோம்.

கட்டியது நாங்கள், ஏறியது வெள்ளைக்காரர்கள். நாங்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் கிட்டே போனாலே விரட்டு விழும். என் மகளுக்கு ஏழு வயது. தேயிலை எல்லாம் வராத காலம். கோப்பிச் செடி நடுவே நின்று அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அப்பா, நீங்க செஞ்சதுதானே, நாம ஏன் ஏறக் கூடாது?" என்று தினம் ஒரு தடவை கேட்பாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடப்பேன்.

பழ வண்டி ஓடும் பாதையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாதையில் ஏதாவது கோளாறு என்றால், கீழே நிற்பவன் தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். அதைக் கண்டால் வண்டியில் இருப்பவன் யோசிக்காமல் குதித்துவிட வேண்டும். பழம் பறிக்கிற பெண்களுக்கும் அது தெரியும். பழத்தோடு இறங்குகிறவர்கள் அவர்கள்தானே.

என் மனைவியும் பழம் பறித்தவள்தான். பொழுது சாய வந்து கூடையை இறக்கியதும், ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணியைத் திட்டத் தொடங்குவாள். பழம் அளக்கும்போது ஏமாற்றுகிறான், அள்ளிக் கொட்டியது ஒன்று, அவன் வாயில் வருவது ஒன்று என்பாள். நான் உளியைத் தீட்டிக்கொண்டே "ம்" போடுவேன். எனக்கு மாதச் சம்பளம். அளக்கிற இடத்துக்கு நான் போனதே இல்லை. அவள் புலம்பல் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதால் போய்விடும்.

பிறகு கோப்பி இலையில் அந்த நாசமாய்ப் போன மஞ்சள் தூள் நோய் வந்தது. இலையைத் தடவினால் விரலில் ஒட்டும். முதலில் பக்கத்து மலை முழுக்க இலை உதிர்ந்து குச்சியாக நின்றது, அப்புறம் எங்கள் மலை. துரை தோட்டத்தை மூடிவிட்டு ஊருக்குப் போகத் தயாரானார். பழம் உரிக்கிற எந்திரம், தகரம், மாடு எல்லாம் விலைக்குப் போயின. சறுக்கு வண்டியை வாங்கியவர் கண்டிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முதலாளி. பெரஹரா ஊர்வலத்துக்கு வருகிற சனத்துக்கு நகரத்து வெட்டவெளியில் அதை நிறுத்திக் காசு பார்க்கலாம் என்று அவருக்கு எண்ணம். என்னைக் கூப்பிட்டு, "வண்டிய நல்லா ஓட்டிக் காட்டு ஆசாரி. கடைக்குப் பின்னால ஒரு அறை தாறேன். குடும்பத்தோட இருந்துக்க" என்றார். லயமே காலியாகிக்கொண்டிருந்த நேரம். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழாத குறை.

பிரித்துப் பார்த்தபோது நடு மேட்டின் கால்களைக் கறையான் தின்றிருந்தது. ஆறு ஜோடியும் புதிதாக வெட்ட வேண்டும். எனக்கோ ஸ்டோர்க் கூரையைப் பிரித்துக் கொடுக்கிற வேலை பாக்கி. ஆகவே பெரிய கங்காணி தன் ஆட்களோடு முன்னால் கண்டிக்குப் போய்ப் பாதையை நட்டுவிடுவது என்று ஏற்பாடாயிற்று. நான் ஒரு சாண் நீளத்துக்குக் கோல் செதுக்கி அவர் கையில் கொடுத்து, "நடு மேட்டுக் கால் ஒவ்வொண்ணும் பதினொரு சாண். மறந்துடாதீங்க" என்றேன். "பதினொண்ணு. அளக்கிறது எனக்குப் புதுசா ஆசாரி?" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து நான் குடும்பத்தோடு கண்டிக்கு வந்தபோது எல்லாம் நட்டு, தண்டவாளமும் பூட்டியாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. நடு மேடு கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. முதல் மேட்டிலிருந்து அதற்குப் போகிற வளைவு மெத்தென்று ஏறாமல், வெடுக்கென்று நிமிர்ந்தது. தரையின் ஏற்ற இறக்கம் தோட்டத்தில் வேறு, இங்கே வேறு. கால்களின் அடிப்பாகம் மண்ணுக்குள். வெளியிலிருந்து அளந்தால் ஒன்றும் தெரியாது.

"எத்தனை சாண் வச்சீங்க?" என்று கங்காணியிடம் கேட்டேன்.

"பதினொண்ணு. என் வாயாலயே எண்ணி, என் கையாலயே கோடு போட்டேன். சாமி சத்தியம்."

அந்த மனுசன் அப்போது பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

வெறும் வண்டியை விட்டுப் பார்த்தோம். நடு மேட்டில் ஏறும்போது ஒரு துள்ளுத் துள்ளி, சக்கரம் திரும்பத் தண்டவாளத்தில் விழுந்து, ஓடிப் போய் முட்டியது. முதலாளி கையைத் தட்டினார். "துள்ளினாத்தானே வேடிக்கை!" துரையின் மலையில் அது ஒரு நாளும் துள்ளியதில்லை.

"மொதலாளி, ஒரே ஒரு காலத் தோண்டிப் பாத்துடலாமா?"

"நாளைக்குச் சனம் வருது, இன்னைக்குத் தோண்டப் போறியா? ஆசாரி, ஒண்ணு கேக்குறேன். இது மேல உனக்கு நம்பிக்கை இருக்கா, இல்லையா?"

அந்த அறை என் கண் முன்னால் வந்தது. பூட்டும் சாவியுமாக, கூரை ஒழுகாத அறை. காலையில்தான் என் மனைவி அதைக் கூட்டி மெழுகி, அடுப்பு வைத்திருந்தாள். இல்லை என்று சொன்னால் நான் எந்தத் தோட்டத்துக்குத் திரும்பிப் போவது?

"இருக்கு மொதலாளி."

"அப்ப ஒம் பொண்டாட்டி புள்ளய மொதல்ல ஏத்து. ஊர்ச் சனம் பயப்படுது. கட்டினவன் குடும்பமே ஏறினாத்தான் மத்தவன் வருவான்."

வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். தலையை ஆட்டினேன். இன்றைக்கும் அந்தத் தலையை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

அறைக்கு வந்து சொன்னதும் மகள் குதித்த குதியில் பானை உருண்டது. மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, பயமில்லையே?" என்றாள். "நான் கட்டினதுக்கு என்ன பயம்?" என்றேன். "சரி சரி, வெள்ளைக்காரி மாதிரி நானும் தொப்பி போட்டுக்கவா?" என்று கேலி பண்ணிச் சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தேன்.

மறுநாள் காலையில் நல்ல கூட்டம். மேளம் வேறு. மகளுக்கு ரெட்டைச் சடை பின்னி விட்டிருந்தாள் தாய். வண்டி கனமாக ஓடட்டும் என்று பின்னால் இரண்டு மூட்டை மணல் ஏற்றினார்கள். இருவரும் ஏணியில் ஏறி மேடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கோழை மாதிரி கூட்டத்திலிருந்து நழுவி, ஆட்களுக்கு அரிசி கொடுக்கிற கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அங்கே பெரிய கங்காணி படியும் கையுமாக அரிசி அளந்துகொண்டிருந்தார்.

"லாபம்" என்று சொல்லி முதல் படியைக் கொட்டினார். அதில் ஒன்றுமில்லை. எங்கள் ஊரிலும் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம்; லாபம் என்போம். அடுத்த படியை ரெண்டு என்போம். முதல் படிக்கு மங்கலமாக ஒரு பேர், அவ்வளவுதான். கணக்கில் அது ஒன்றுதான்.

ஆனால் கங்காணி அந்த முதல் படியைக் கொட்டியது தன் சாக்கில். அடுத்த படியை வாங்குகிறவன் துண்டில் கொட்டி, "ஒண்ணு" என்றார். பிறகு "ரெண்டு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லாபம் அவருக்குக் கணக்கில் சேராது. பழம் அளந்தாலும் அப்படித்தான், அரிசி அளந்தாலும் அப்படித்தான்; மரத்தை அளந்தபோதும் பழக்கம் விடாமல் அப்படித்தான் அளந்திருக்கிறார். கோலை முதல் தடவை வைத்து லாபம் என்று சொல்லி, அதற்கப்புறம் ஒன்றிலிருந்து பதினொன்று வரைக்கும் எண்ணியிருக்கிறார். கால் ஒவ்வொன்றும் பன்னிரண்டு சாண். நடு மேடு முழுக்க ஒரு சாண் உயரம்.

ஓடினேன். "ஆப்பத் தட்டாதே! தட்டாதே!" என்று கத்தினேன். பாழாய்ப் போன மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து, "பயப்படாதீங்க ஆசாரி" என்று சிரித்தான். அவனைத் தள்ளிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நடு மேட்டுக்கு முன்னால் பள்ளத்தில் தண்டவாளத்தின் மேலேயே ஏறி நின்றேன். மேலே பார்த்தேன். ஆப்பு விழுந்துவிட்டது. வண்டி மெதுவாக நகரத் தொடங்கியிருந்தது. மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

தலைத்துண்டை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

அவள் பார்த்தாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மகளை நெஞ்சோடு வாரி அணைத்துக்கொண்டு, உருளத் தொடங்கிய வண்டியிலிருந்து பக்கத்து மண் மேட்டில் குதித்தாள். கூட்டம் ஓவென்று கத்தியது. நான் எந்தப் பக்கம் பாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. மணல் மூட்டையோடு வண்டி என்னைக் கடந்து போன காற்று மட்டும் முதுகில் பட்டது. பிறகு அந்தச் சத்தம். வண்டி நடு மேட்டில் ஏறி, துள்ளி, இந்தத் தடவை தண்டவாளத்துக்குத் திரும்பி வராமல், தலைகீழாகப் புல் மேட்டில் விழுந்து, சிதறிப்போயிற்று. அவர்கள் உட்கார்ந்திருந்த பலகை ரெண்டாகப் பிளந்து கிடந்தது.

மகளுக்கு முன்பல் ஒன்று உடைந்தது. மனைவிக்கு முழங்கையில் எலும்பு விலகியது. உயிர் தப்பியது. அதற்குமேல் எந்தச் சாமியிடம் என்ன கேட்பது?

அன்றைக்கே ஒரு காலைத் தோண்டி எடுத்து நானே அளந்தேன். பன்னிரண்டு. கங்காணி பக்கத்தில் நின்று முகம் வெளுத்து, "நீங்க சொன்ன பதினொண்ணுதானே ஆசாரி, நான் சரியாத்தானே எண்ணினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை. முதலாளி பாதையைப் பிரித்து, தண்டவாளத்தை இரும்புக்கும் மரத்தை விறகுக்கும் தள்ளிவிட்டார். அடுத்த பெரஹராவுக்கு அதே வெட்டவெளியில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த குடை ராட்டினம் நின்றது. கையால் சுற்றுவது, தரையை விட்டு எழும்பாதது. அதைப் பூட்டியவனும் நான்தான். ஆமாம், அறை எங்களுக்கே கிடைத்தது. முதலாளி கெட்ட மனுசன் இல்லை.

கையில் கட்டுப் போட்டு அவளைப் படுக்க வைத்த பின்னால், நடந்ததை அவளிடம் சொன்னேன். லாபம் கணக்கு, பன்னிரண்டு சாண், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வருசக் கணக்கா உங்ககிட்ட இதத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன். மொத அளவ அவன் கணக்குல சேர்க்க மாட்டேங்கிறான், லாபம்னு சொல்லித் தனக்குக் கொட்டிக்கிறான்னு. எத்தனை நாள் சொல்லியிருப்பேன்?"

நான் அவள் கைக்கட்டின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டேன்.

"நேத்தே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கை சரியாகி முதல் தடவை உலை வைத்த அன்று, அரிசிப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து நாழியில் அரிசி அள்ளினாள். எங்கள் வீட்டில் அவளும் லாபம் என்று தொடங்குகிறவள்தான். அன்று என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்று சொல்லிக் கொட்டினாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் அளக்கிறாள்.