சிவப்பு வாளியும் திறப்பு விழாவும்

எல்லைச் சாவடியில் அவளை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஆளுயரத்துக்குக் கட்டி, முதுகில் சாய்த்துக்கொண்டு அவள் வரிசையில் நகர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கலர் தூண் தானாக நடந்து வருவதுபோல் இருக்கும். இந்தப் பக்கம் வாளி மலிவு, அந்தப் பக்கம் கிராக்கி. அவளுடைய பன்னாட்டு வணிகம் அவ்வளவுதான். இதையே கருத்தரங்கில் விளக்க அரை நாளும் ஒரு மதியச் சாப்பாடும் தேவைப்படுகின்றன.

கூடவே வருவது அவள் நாத்தனார். நாத்தனாரின் சரக்கு மூடிகள். வாளி வாங்குகிறவர்கள் மூடியும் கேட்பார்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

"எங்கண்ணனக் கட்டிக்கிட்டதுல உனக்குக் கெடச்ச ஒரே லாபம் நான்தான் அண்ணி."

"ஆமா. ஒரு மூடிய எடுத்து உன் வாயில போட்டா லாபம் இன்னும் கூடும்."

சாவடி வரிசை காலையில் தொடங்கினால் சில நாள் சாயங்காலம்வரை நீளும். ஆண்களுக்குக் கவலையில்லை. சாவடியின் பின்சுவர் முழுக்க அவர்களுடையது. அந்தச் சுவரில் 'தூய்மை காப்போம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துகளின் கீழ்ப்பாதி அரித்துப்போய்விட்டது. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து வரிசையில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், அல்லது பழகிக்கொள்கிறார்கள்.

பெண்களுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்டதில்லை. ஏற்பாட்டைச் செய்தவள் வாளியக்கா. அவளுடைய அடுக்கில் ஒரு வாளி மட்டும் விற்பனைக்கு இல்லை. சிவப்பு நிறம். கம்பிக் கைப்பிடி கையை அறுக்கிறது என்று அதில் அவளே பச்சைக் கயிறு சுற்றி வைத்திருந்தாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே அந்த வாளியை வைத்து, இரண்டு பெண்கள் போர்வையை விரித்துப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி போய்வருவாள். யாராவது ஆண் அந்தப் பக்கம் வந்தால் நாத்தனார் "மூடி, மூடி" என்று தொண்டை கிழியக் கூவுவாள். கடைசியில் ப்ளீச்சிங் பவுடர் போட்டு வாளியைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிடுவாள் வாளியக்கா. பார்க்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கும்.

ஆனால் எத்தனை முறைதான் போர்வை பிடிக்கச் சொல்ல முடியும்? பாதிப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள். வாளியக்காவும் அப்படித்தான். அது இடுப்பு வலியாகத் தொடங்கி, குளிர்காய்ச்சலாக வந்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்காரவைத்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னாள்: "தண்ணி நெறைய குடிக்கணும். அடக்கவே கூடாது. இல்லன்னா கிட்னிக்கு வந்துடும். அந்த எடத்துல வசதி இல்லன்னா வேற தொழில் பாருங்க."

வேறு தொழில் என்றால், வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கும் அதே கட்டிலின் மறுமுனையில் அவளும் உட்கார வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் 'எல்லை வணிகத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம்' வந்து இறங்கியது. முதலில் ஆய்வுக்கு வந்த பெண் குளிர்க்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பெண்கள் ஏன் இந்த வணிகத்தைவிட்டு விலகுகிறார்கள் என்று கேட்டாள். தன்னம்பிக்கைக் குறைவா, மொழிப் பிரச்சினையா, குடும்ப எதிர்ப்பா?

"ஒண்ணுக்குப் போக எடம் இல்லம்மா" என்றாள் வாளியக்கா.

"அது இந்த லிஸ்ட்ல இல்லியேக்கா. தன்னம்பிக்கைன்னு போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கொண்டாள். அதன் பலனாகப் பெண்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி நடந்தது. நிமிர்ந்து உட்காரவும், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது நிமிர்ந்து உட்கார்வது எவ்வளவு சிரமம் என்று பயிற்சியாளருக்குத் தெரிய நியாயமில்லை. அவர் ஹோட்டலில் தங்கியிருந்தார்.

மிஞ்சிய நிதியிலோ என்னவோ, ஒரு கழிப்பறையும் கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், இரண்டு கதவுகள், மேலே நீலத் தொட்டி. கட்டி முடித்துப் பூட்டினார்கள். மழை வந்து போனது, வெயில் வந்து போனது, பூட்டு மட்டும் போகவில்லை.

"சார், தொறந்துவிடலாமே" என்று சாவடி மேலதிகாரியிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள் வாளியக்கா.

"திறப்பு விழா ஆகாம எப்படிம்மா தொறக்கறது?"

கடைசியில் விழாவும் வந்தது. அன்று காலை வரிசையையே கலைத்துவிட்டார்கள். மூட்டை முடிச்செல்லாம் விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று வியாபாரிகளின் சரக்கை வாரிக் கழிப்பறைக்குப் பின்னால் குவித்தார்கள். வாளியக்காவுக்கு நல்ல புடவை கட்டி வரச் சொல்லி உத்தரவு. 'முன்மாதிரி வணிகப் பெண்மணி' என்று மேடையில் சால்வை போடப்போகிறார்களாம்.

திட்டத் தலைவர் வந்தார். ரிப்பன் வெட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து "ஆஹா" என்றார். கழிப்பறையைப் பார்த்து ஆஹா என்று சொல்ல ஒரு தனிப் பயிற்சி வேண்டும், அவருக்கு இருந்தது. படம் எடுத்து முடித்ததும் மேலதிகாரி கதவைச் சாத்தி மறுபடியும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார், பூட்டறீங்க?"

"மேலிடத்துலேருந்து பாக்க ஒரு குழு வருதும்மா. அதுவரைக்கும் புதுசாவே இருக்கணும். நீங்கள்லாம் போக ஆரம்பிச்சா நாறிடும்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனமில்லாத வீட்டுக்காரரின் பாசத்தோடு சொன்னார். பின்சுவரின் வாடை அவர் சட்டையின் சென்ட்டையும் தாண்டி வந்துகொண்டிருந்தது.

வாளியக்காவை மேடையேற்றி ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். திட்டத் தலைவர் பேசத் தொடங்கினார். பெண்கள் எல்லைகளைத் தாண்ட வேண்டும் என்றார். வானமே எல்லை என்றும் சொன்னார். இரண்டில் எது என்று முடிவாகும்முன் எலுமிச்சை ஜூஸ் வந்தது.

கேன்டீன்காரர் கண்ணாடி டம்ளர்களில் மொண்டு மொண்டு கொடுத்தார். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாம், பாத்திரம் போதவில்லையாம். பின்னால் ஒரு நல்ல வாளி கிடந்தது, எடுத்து அலசினேன் என்று பிற்பாடு சொன்னார். வாளியக்கா பார்த்தாள். ஐஸ் கட்டியும் எலுமிச்சைத் தோலும் மிதக்க, மேசைமேல் கம்பீரமாக நின்றது சிவப்பு வாளி. கைப்பிடியில் பச்சைக் கயிறு.

முதலில் அவளுக்குக் குமட்டியது. பிறகு திட்டத் தலைவர் ஒரு மடக்கு குடிப்பதைப் பார்த்தாள்.

"சார், அந்த ஜூஸு வேணாம்…" என்று பதறிப்போய் மேலதிகாரியின் பக்கம் குனிந்தாள்.

"வெக்கப்படாதீங்கம்மா, எல்லாருக்கும் உண்டு" என்று அவளுக்கும் ஒன்று நகர்த்திவைத்தார். தனக்கு இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டார்.

"அதில்ல சார். அந்த வாளி…"

"தலைவர் பேசறார்ல? அப்புறம் சொல்லுங்க."

கீழே பின்வரிசைப் பெண்களுக்கும் ஜூஸ் தட்டு போனது. நாத்தனார் வாளியைப் பார்த்தாள், வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் தலையாட்டி மறுத்தது. "பாருங்கள், நம் பெண்களுக்கு இன்னமும் எவ்வளவு கூச்சம்!" என்று மைக்கில் நெகிழ்ந்தார் தலைவர். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஓசியில் வந்ததை விடுவார்களா? எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள்.

"ஜூஸ் பிரமாதம்" என்றார் தலைவர், டம்ளரை உயர்த்தி. "இதில் இந்த மண்ணின் தனிச் சுவை தெரிகிறது."

வாளியக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேலதிகாரியின் காதருகே போய், அந்த வாளி யாருடையது, இரண்டு லாரிக்கு நடுவே அது தினமும் என்ன உத்தியோகம் பார்க்கிறது என்று சுருக்கமாகச் சொன்னாள்.

அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு ஒரு மாதிரிப் பச்சையானது. டம்ளரைப் பார்த்தார். காலி.

"வெளையாடறியா?"

"நல்லாத்தான் கழுவி வச்சிருந்தேன் சார். இருந்தாலும்…"

"வெளிய சொல்லிடாத. என் வேலையே போயிடும்."

அந்த நேரம் பார்த்து மைக்கில் அறிவித்தார்கள்: முன்மாதிரி வணிகப் பெண்மணி இப்போது சில வார்த்தைகள் பேசுவார். வாளியக்கா எழுந்தாள். பயிற்சியில் சொன்னபடி நிமிர்ந்து நின்றாள். மேலதிகாரியின் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சார் பேசட்டும்? ஜூஸ் பத்திப் பேசட்டுமா, கக்கூஸ் பத்திப் பேசட்டுமா?"

அவர் பைக்குள் கைவிட்டார். சாவி அவருடைய வியர்வையில் நனைந்திருந்தது. வாளியக்கா அதை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மைக்கில் அவள் பேசியது ஒரே வரி: "கக்கூஸ இன்னிக்கே எங்க பொறுப்புல விட்ட சாருக்கு நன்றி." பெரிய கைதட்டல். மேலதிகாரியும் தட்டினார், ஒரு கையை வாயிலிருந்து எடுக்க முடியாமல்.

விழா முடிந்ததும் அந்தக் கழிப்பறையை முதலில் பயன்படுத்தியவர் அவர்தான். வெகுநேரம் வாந்தியெடுத்தார். கதவுக்கு வெளியே பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

"சீக்கிரம் வாங்க சார், நாறிடப்போகுது" என்றாள் நாத்தனார்.

இப்போது பெண்கள் முறைவைத்துக் கழுவுகிறார்கள். வாளியக்கா பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறாள். காய்ச்சல் திரும்பவில்லை, தொழிலையும் விடவில்லை. குழு வரும் நாளில் மட்டும் சாவியைத் தரச் சொல்லி மேலதிகாரி ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். "தரேன் சார். அவங்களுக்கும் ஜூஸ் உண்டா?" என்று கேட்டாள். அத்தோடு சரி.

திட்டமோ மகத்தான வெற்றி என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. கழிப்பறைச் சுவரிலேயே பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் திட்டத் தலைவர் டம்ளரை உயர்த்திப் புன்னகைக்கிறார். அடியில், 'மகளிர் தந்த இனிமை'.

"குமட்டுது அண்ணி, கிழிச்சிடவா?"

"விடுடி" என்றாள் வாளியக்கா, பாட்டிலைத் திறந்துகொண்டே. "அத அவருதானே குடிக்கறாரு. நாம குடிக்கறது வெறும் தண்ணிதானே."